அலமாரியில் பழுத்த சுருட்டு

அட்டைத் துண்டின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு தீற்று பெயிண்டை வைத்து, அதை மின்விசிறிக்கு எதிரே சாய்த்துவிட்டு, அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே வாடிக்கையாளர் நிற்கிறார். வாடிக்கையாளரின் வண்டி தெருவை மறித்துக்கொண்டு நிற்கிறது; பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடிக்கிறார்கள். "அதே கலர்தான் சார், டின்னை மூடிக் கொடுங்க" என்கிறார் வாடிக்கையாளர். இவர் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

"காயட்டும். ஈரத்துல இருக்கறப்போ எல்லாக் கலரும் பொய் சொல்லும்."

பெயிண்ட் கடையில் நிறம் கலக்குவது அவர் வேலை. ஜன்னல் கதவிலிருந்து பெயர்ந்த சில்லு, பழைய நாற்காலியின் உடைந்த கால், ஒரு முறை ஓர் அம்மாளின் கைப்பை என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தீற்று காய்ந்து, அவர் அதை வெயிலில் ஒரு தரம், விளக்கொளியில் ஒரு தரம் பார்த்து, "ம்" என்று சொல்லும்வரை டின் கைக்கு வராது. அவசரக்காரர்கள் அட்டையை ஊதிப் பார்ப்பார்கள். ஊதினால் மேல்தோல்தான் காயும் என்று சொல்லி, புது அட்டை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடையில் அவருக்குக் 'காயட்டும் அண்ணன்' என்று பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார். கோபம் வந்தால் அண்ணன் போய்விடும், காயட்டும் மட்டும் நிற்கும்.

கடைக்காரர்களுக்காவது சாயந்திரம் ஆனால் விடுதலை. அவருடைய மனைவிக்கு அது கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் சரி என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்ட மனுஷன் அவர். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும் என்று அவள் இப்போதும் சொல்லிக்கொள்வாள். காபியை ஆறவிட்டுத்தான் குடிப்பார். புதுச் செருப்பு வாங்கினால் அது பெட்டியிலேயே கொஞ்ச நாள் கிடக்க வேண்டும், உடனே போட்டால் ஏதோ அவமரியாதை மாதிரி. பழம் வாங்கி வந்தால் தினம் ஒரு தரம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் ஆகல" என்று வைத்துவிடுவார். ஆகிற அன்றைக்கு அதைக் குப்பையில்தான் போட வேண்டியிருக்கும். கேட்டால் நேற்று சாயந்திரம் சரியாக இருந்திருக்கும் என்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவளுக்குத் தாங்கவே முடியாமல் போனது அந்தச் சுருட்டுப் பெட்டி.

கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு முறை கடைக்கு வந்தார். தன் அறைக்குக் கப்பலில் இருந்த அதே பச்சை வேண்டும் என்றார். கையில் மாதிரி எதுவும் இல்லை, ஞாபகம் மட்டும்தான் இருந்தது. இவர் ஒரு வாரம் அட்டை அட்டையாகக் கலந்து காயவைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதரும் பொறுமையாகத் தினம் வந்தார். கடைசியில் ஓர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனவர், மறுநாள் ஒரு தேவதாரு மரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பத்துச் சுருட்டுகள். சாதாரணச் சுருட்டில்லை, எங்கோ தொலைதேசத்தில் கையால் சுருட்டியவை. அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: "அவசரப்படாதீங்க. வச்சிருக்க வச்சிருக்கத்தான் இது பழுக்கும்."

யாரிடம் எதைச் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா என்பது அவளுடைய ஆத்திரம்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. வெயில் படக்கூடாது, சூடு ஆகாது, ரொம்பவும் காயக்கூடாது, ரொம்பவும் நனையக்கூடாது. வீடு முழுக்கக் கையில் ஈரம் காட்டும் சின்ன மீட்டரோடு சுற்றிவந்தவர், கடைசியில் அவளுடைய துணி அலமாரியின் நடுத்தட்டைக் கண்டுபிடித்தார். உள்சுவரை ஒட்டிய அலமாரி, கோடையிலும் ஜில்லென்று இருக்கும். அன்றைக்கு அந்தத் தட்டிலிருந்து வெளியேறிய அவளுடைய துணிகள் இன்றுவரை திரும்பிப் போகவில்லை. படுக்கை அறை நாற்காலியின் மேல் குவியலாக இருக்கின்றன. வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் முதலில் செய்வது அந்த நாற்காலியின் மேல் போர்வையை மூடுவது. தட்டில் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம், அதற்குப் பக்கத்தில் அந்த மீட்டர். காலையில் பல் தேய்த்ததும் அவர் பார்ப்பது அதைத்தான். பெண்டாட்டிக்கு ஜுரம் என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி, மீட்டர் எல்லாம் கிடையாது.

அவளுக்குச் சலவைக் கடையில் வேலை. முன்பக்கக் கவுண்டரில் நின்று துணிகளை வாங்கி வைப்பாள். கறையை முகர்ந்தே இது டீ, இது எண்ணெய், இது மருந்து என்று சொல்லிவிடுவாள். எதில் ஊறவைப்பது என்பது அதைப் பொறுத்தது. அப்படிப்பட்ட மூக்கு. சிகரெட் பிடித்தவரின் கோட்டு கடைக்குள் வந்தாலே அவளுக்குத் தலைவலி பிடித்துக்கொள்ளும். அவள் துணி இருக்க வேண்டிய இடத்தில்தான் சுருட்டு குடியிருந்தது.

வருடத்துக்கு ஒரு சுருட்டு. பழுப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று அடங்கின நாளாகப் பார்த்து, பின்பக்க பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார். கடையில் அட்டை வெட்டுகிற பிளேடால் சுருட்டின் நுனியை மூடியிருக்கும் இலைத்தொப்பியை மட்டும், அடியில் இருக்கும் இலை குலையாமல், சீவி எடுப்பார். நெருப்புக் குச்சியைக் கிழித்ததும் பற்றவைக்க மாட்டார். மருந்து வாடை எரிந்து தீரட்டும் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு சுருட்டை வாயில் வைக்காமல், தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றி அனலில் காட்டுவார். இத்தனைக்கும் பிறகுதான் முதல் இழுப்பு. புகையை விழுங்க மாட்டார். வாயில் வைத்துக் கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடி, ஏதோ பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசிப்பார்.

"வால்நட்டு" என்பார். சற்றுப் பொறுத்து, "பழைய தோல் பை" என்பார். அப்புறம், "மழை விட்ட மண்."

"மண்ணையும் தோலையும் தின்னுட்டு உக்காந்திருக்கீங்க, உள்ள டிபன் ஆறுது" என்பாள் அவள், கதவுக்கு உள்ளேயிருந்து மூக்கை மூடிக்கொண்டு.

சாம்பலையும் தட்டமாட்டார். தட்டினால் சுருட்டு சூடாகிவிடுமாம், தானாக விழ வேண்டுமாம். சாம்பல் விரல் நீளத்துக்கு வெள்ளையாக நீண்டுகொண்டே போகும், எந்த நிமிஷம் அவள் துடைத்த தரையில் விழுமோ என்று இருக்கும். அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து சுருட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டே, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நிற்பாள். அவர் ஒரு கையைத் தூக்கி, இரு என்று காட்டுவார். அந்தக் கையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமாகித் தூரத்தில் இருக்கும் மகளிடம் ஃபோனில் சொல்லி அழுதால், அவள் சிரிப்பாள். அப்பா குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வருஷத்துக்கு ஒரு சுருட்டுதானே அம்மா என்பாள். எப்போதுமே அப்பா கட்சி.

இந்த வருடம் பெட்டியில் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் கடைசி, அதுதான் முழுசாகப் பழுத்தது. அதைக் குடித்துவிட்டால் தட்டு காலி. அவள் எந்தத் துணியை எந்த வரிசையில் அடுக்குவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

அவர் குடிக்கவில்லை.

முதல் ஞாயிறு காற்று என்றார். அடுத்த ஞாயிறு ஈரம் கூடுதல் என்றார். அதற்கடுத்த ஞாயிறு வானம் பளிச்சென்று இருந்தது, இலை அசையவில்லை, அவளே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில் போட்டாள். பெட்டியைத் திறந்து சுருட்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆகல" என்று திரும்ப உள்ளே வைத்தார். பத்து வருடமாக ஆகாதது இனி எப்போது ஆகும் என்று கேட்டாள். அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். கல்லுளிமங்கன்.

போன குளிர்காலத்தில் அவருக்கு ஒரு கெட்ட ஜுரம் வந்து போனது. அதிலிருந்து ஆள் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். அவள் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கீழே குப்பை கொட்டப் போனாள். மாடிப்படி ஏறும்போதே அடிப்பிடித்த வாடை. உள்ளே வந்தால் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது, அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நினைப்பெல்லாம் அலமாரியில் இருந்தால் அடுப்பு எங்கே கண்ணில் படும் என்று அவள் அன்றைக்கு முழுவதும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். தன் கஷ்டம், தன் துணி, தன் தலையெழுத்து, எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாள். வாய் திறக்காத ஆளோடு சண்டை போடுவதைப்போல ஓர் அலுப்பு உலகத்தில் இல்லை.

அதனால்தான் அவள் அந்துருண்டை வாங்கினாள்.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. மகள் கல்யாணத்துக்கு முன்பு, கம்பளித் துணி வைத்திருந்த பெட்டியில் ஒரே ஓர் அந்துருண்டையைப் போட்டுவிட்டாள். பெட்டி இருந்தது பக்கத்து அறையில், கட்டிலுக்கு அடியில். இவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்றுவிட்டார். "யாரு அந்துருண்டை வச்சது?" என்று ஆரம்பித்தவர் அதைக் கண்டுபிடித்துத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வரும்வரை வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அந்த வாடை ஒரு தரம் சுருட்டில் ஏறினால் ஜென்மத்துக்கும் இறங்காதாம். அவர் அவ்வளவு கோபப்பட்டு வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கோபம்தான் இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது. கத்தட்டும், குதிக்கட்டும், இனி இந்த அலமாரி வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். காலையில் அவர் கடைக்குக் கிளம்பியதும், உருண்டைகளைக் கைநிறைய அள்ளிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மூலையில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாயந்திரம் அவள் சலவைக் கடையிலிருந்து திரும்பியபோது படுக்கை அறை வாசலிலேயே கண் எரிந்தது. பதிலுக்குப் பதில் என்னவெல்லாம் சொல்வது என்று தயார் செய்துகொண்டு, கையில் கரண்டியோடு சமையலறையில் காத்திருந்தாள்.

அவர் வந்தார். கை கால் கழுவினார். நேராக அலமாரிக்குப் போனார். கதவு திறந்த சத்தம் கேட்டது. அவள் வாசல்படியில் வந்து நின்றாள். அந்த வாடையில் அவளுக்கே இருமல் வந்தது. அவர் மீட்டரைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார், குனிந்து, முகத்தை உள்ளே வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"ஆஹா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "தேவதாரு வாசனை. அது மேல லேசா தேன் மாதிரி."

கரண்டி அவள் கையிலேயே இருந்தது. அவள் போய் அவருக்குப் பின்னால் கையை விட்டு, மூலையிலிருந்த வெள்ளை உருண்டைகளை அள்ளி, உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பெட்டியை மெதுவாக மூடினார்.

"ஜுரம் வந்துச்சே" என்றார். "அதுக்கப்புறம் எந்த வாசனையும் வரல."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இரக்கமெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இத்தனை மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். கடையில் தின்னர் டின் திறந்து கிடந்தால்கூடத் தெரியாமல் நின்றிருக்கிறார். வீட்டில் பால் தீய்ந்து வீடே எரிந்தாலும் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் பாட்டுக்கு வாயில்லாப் பூச்சியிடம் கத்துகிற மாதிரி கத்தியிருக்கிறாள்.

"சாப்பாடு?" என்று கேட்டாள். "தினம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"உப்பு தெரியும், காரம் தெரியும். மத்தது தெரியல." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ பண்ணா நல்லாத்தான் இருக்கும்னு தெரியும்ல."

அவள் அந்துருண்டைகளை எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வருகிற வழியில் அழுகை வந்தது. ஏறும்போது படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து, நாளைக்கே டாக்டரிடம் போகிறோம், வாயைத் திறந்தால் பாருங்கள் என்றாள். ஒரே நாள்தானே அந்துருண்டை உள்ளே இருந்தது, மேல் இலையில் மட்டும்தான் ஏறியிருக்கும் என்று அவர் முனகினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கில் தவறு ஒன்றும் இல்லை, நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். கிராம்பு, எலுமிச்சை என்று சில வாசனைகளைத் தினமும் முகர்ந்து பழகச் சொன்னார். "மத்தபடி காத்திருக்கிறதுதான்" என்றார். உலகத்தில் அத்தனை பேர் இருக்க, இந்த மனுஷனைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டுமா என்று அவளுக்கு இருந்தது. அவரோ, சரியான மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

தினம் காலையில் சின்னச் சின்னப் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக முகர்வார், கண்ணை மூடுவார். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே ஏதாவது வருகிறதா என்று கேட்பாள். இன்னும் ஆகவில்லை என்பார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனாள். நாற்காலிமேல் துணி கிடந்தது. அவளுக்கு அந்தத் தட்டு வேண்டும் என்ற ஆசையே போய்விட்டது, அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பத்து வருடம் கேட்டுக் கேட்டு, கிடைக்கிற நேரத்தில் வேண்டாமல் போவதா!

மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அலமாரிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு சுருட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பழுப்பு இலையின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. அவளுக்கு அது தெரியவே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"வண்டு விழுந்துடுச்சு. உள்ள முட்டை இருக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டா மாவாப் போயிடும்."

"அந்துருண்டையை அங்கேயே விட்டிருந்தா வந்திருக்காது" என்றாள். வாய் சும்மா இருக்காதே. அவர் சிரிக்கவில்லை.

சுருட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் சொன்னார், அவளைப் பார்க்காமல், அலமாரியைப் பார்த்துக்கொண்டு. "ஆகலன்னு சொன்னதெல்லாம் பொய். அது எப்பவோ ஆயிடுச்சு. பத்த வச்சிட்டு எதுவும் வரலன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. இதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆயிடுமே."

அவள் நாற்காலிமேல் கிடந்த துணியை எடுத்து மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ குடிச்சுச் சொல்றியா?" என்று கேட்டார்.

"நானா?"

"உன் மூக்கு மாதிரி எவனுக்கு இருக்கு? நீ சொன்னா எனக்குப் புரிஞ்சிடும்."

பைத்தியமா பிடித்திருக்கிறது என்றாள். இந்த வீட்டில் சுருட்டுப் புகை பட்டாலே தலைவலி வருகிறவள் யார் என்று தெரியாதா என்றாள். அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே பால்கனிக்குப் போய், மழைச்சாரலில் நனைந்திருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டாள்.

அவர் நுனியைச் சீவினார். குச்சியைக் கிழித்து மருந்து எரிந்து தீரும்வரை பிடித்திருந்தார். அவளுக்குக் கை பரபரத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டி, தான் ஒரு தரம் இழுத்துத் தீயைப் பிடிக்கவைத்து, அவளிடம் கொடுத்தார். விழுங்காதே, வாயில் மட்டும் வைத்துக்கொள் என்றார். முதல் இழுப்பிலேயே அவளுக்குப் புரை ஏறியது. இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர். இதைத்தான் பத்து வருடமாக என் துணியைத் தூக்கி வெளியே போட்டு வளர்த்தீர்களா என்று கேட்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் அட்டை காயக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது தரம் கொஞ்சமாக இழுத்தாள்.

"அந்துருண்டை இருக்கு" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "முன்னாடி லேசா. அது போயிடுது."

"அப்புறம்?"

அவள் கண்ணை மூடினாள். "கம்பளிக் கோட்டை ஈரம் கொஞ்சம் இருக்கறப்பவே இஸ்திரி போட்டா ஒரு ஆவி வரும்ல, அது. அதுக்கு அடியில அன்னைக்குப் பாலைத் தீய விட்டீங்களே, அது. ஆனா அவ்வளவு கருகல. இனிப்பா இருக்கு."

"என்ன பழுப்பு?"

"வாசனைக்கு ஏதுங்க பழுப்பு?"

"சொல்லு. எந்தப் பழுப்பு?"

அவள் எரிச்சலோடு இன்னொரு இழுப்பு இழுத்து, வாயில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தாள். கீழே பின் சந்தில் நனைந்த சுவர், மரம், வண்டி. எதுவும் இல்லை. "நம்ம பழைய வாசக்கதவு" என்றாள். "நீங்க பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இருந்துச்சே. வெயில் படாத உள்பக்கம்."

அவர் பின்னால் சாய்ந்தார். முகம் மாறியது. அந்தப் பழுப்பை அவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜுரத்துக்குப் பிறகு அந்த முகத்தை அவள் இன்றைக்குத்தான் பார்த்தாள். "செவப்பு கலந்திருக்கும்" என்றார் மெதுவாக. "ஆமா. கடைசியில அந்த இனிப்பு வரும்னு அந்தக் கப்பல்காரர் சொன்னார்."

மழை விட்டிருந்தது. அவர், அவளுக்குத் தலைவலி வந்துவிடுமே என்று, போதும் கொடு என்பதுபோலக் கையை நீட்டினார். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"இருங்க" என்றாள். "வேற ஏதோ ஒண்ணு வருது. இன்னும் ஆகல."

சாம்பல் விரல் நீளத்துக்கு வெள்ளையாக வளர்ந்திருந்தது. தட்டு உள்ளே சமையலறையில் இருந்தது. அவள் எழுந்து போகவில்லை. சுருட்டை அசைக்காமல் பிடித்தபடி, மற்றொரு கையின் உள்ளங்கையை விரித்து அதற்கு அடியில் ஏந்திக்கொண்டாள்.